கையில் மெஷின் கன் முளைத்த பெண்ணும் அவளைப் படமெடுத்தவர்களும்

கேள்வி கேட்ட நண்பர், ரத்தம் பீறிடும் இரண்டு ஜப்பானியப் படங்களில் ‘தி மெஷின் கேர்ள்’ படத்திலிருந்து ஒரு துண்டுக் காட்சியையும் ‘டோக்கியோ கோர் போலீஸ்’ படத்தை முழுசாகவும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, “ஜப்பான்காரர்களுக்கு என்னதான் ஆச்சு? இதையெல்லாம் அங்கே ரசித்துப் பார்க்கிறார்களா? காசு இல்லாமல் இப்படி ஆனதா, தெரிந்தேதான் இப்படி எடுத்தார்களா?” என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன என்பது ஒன்று. படத்தில் தெரிகிற மலிவு இயலாமையா, உத்தியா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட ஆவணமாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு என் தொழிலை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் சினிமாவில் ப்ராஸ்தெடிக் மேக்கப், அதாவது ரப்பரில் போலி உறுப்பும் காயமும் செய்து உடம்பில் ஒட்டும் வேலை செய்பவன். வெட்டுக்காயம், தீக்காயம், அறுந்த கை, பிதுங்கிய குடல் இவைதான் பிழைப்பு. அதனால் இந்த வகைப் படங்களைப் பல வருடங்களாகத் தொழில் கண்ணோடு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வருகிறேன். ஜப்பானிய மொழி தெரியாது, எல்லாமே சப்டைட்டில் வழியாகத்தான். வசனத்தில் இருக்கும் சிலேடையும் வட்டார நக்கலும் எனக்குப் பிடிபடாது. ஆகவே படத்தின் நகைச்சுவையைப் பற்றி நான் சொல்வதைக் கண்ணுக்குத் தெரிகிற நகைச்சுவை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த “ஜப்பான்காரர்களுக்கு என்ன ஆச்சு” என்பதை முடித்துவிடலாம். இந்த இரண்டு படங்களும் 2008-இல் வந்தவை. அதே வருடம் ஜப்பானியத் திரையரங்குகளில் வசூலில் முதலிடம் பிடித்தது அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் ‘போன்யோ’, ஒரு மீன்குஞ்சுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் நடுவிலான நட்பு. சராசரி ஜப்பானியக் குடும்பம் பார்த்தது அதைத்தான். மெஷின் கேர்ளும் கோர் போலீஸும் சிறிய அரங்குகளின் ராக்காட்சிகளுக்கும் டிவிடி அலமாரிக்கும் உரிய படங்கள். சொல்லப்போனால் அவை அந்த நாட்டுக்காக மட்டும் எடுக்கப்பட்டவையே அல்ல. நியூயார்க்கில் மீடியா பிளாஸ்டர்ஸ் என்று ஒரு டிவிடி கம்பெனி இருந்தது. ‘டோக்கியோ ஷாக்’ என்ற பெயரில் ஜப்பானிய அதிரடிப் படங்களை அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்தவர்கள். எடுத்த படத்தை வாங்கி விற்பதைவிட, விற்கக்கூடிய படத்தை எடுக்கவே பணம் போடலாம் என்று அவர்கள் இறங்கியதில் பிறந்தவைதான் இந்த இரண்டும். ஜப்பான் பக்கத்தில் கூட்டாளி, அந்த நாட்டின் மிகப் பழைய பெரிய ஸ்டூடியோவான நிக்காட்சு. 1912-இல் தொடங்கிய கம்பெனி. எழுபது, எண்பதுகளில் ‘ரோமன் போர்னோ’ என்ற பெயரில் மலிவான காமப் படங்களை வாராவாரம் இறக்கித்தான் பிழைத்தது. குறைந்த பணத்தில், குறைந்த நாளில், ஒரு ‘ஐட்டம்’ உறுதி செய்துவிட்டு மீதியை இயக்குநர் இஷ்டத்துக்கு விடுவது அவர்களுக்குப் பழகிய வேலைதான். ‘ஐட்டம்’ காமத்திலிருந்து ரத்தத்துக்கு மாறியது, அவ்வளவே.

சந்தை நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் நிக்காட்சு 2010-இல் ‘சுஷி டைஃபூன்’ என்று தனி லேபிளே தொடங்கியது. மெஷின் கேர்ளைத் தயாரித்த யோஷினோரி சீபாதான் அதற்கும் தலைமை. ‘ஏலியன் வெர்சஸ் நிஞ்சா’, ‘மியூட்டன்ட் கேர்ள்ஸ் ஸ்குவாட்’, ‘ஹெல்டிரைவர்’, ‘யாகூசா வெப்பன்’, ‘டெட்பால்’ என்று வரிசையாக வந்தன. லேபிளின் பெயரையே பாருங்கள். ஜப்பானில் பிறந்து வளர்ந்த எவரும் உள்ளூர்க்காரனுக்கு விற்க ‘சுஷி’ என்று, சோற்றின் மேல் மீன் வைத்த பண்டத்தின் பெயரை, வைக்க மாட்டார்கள். வெளிநாட்டான் மனதில் ஜப்பான் என்றால் என்னவெல்லாம் வருமோ, அதாவது கெய்ஷா, நிஞ்ஜா, சாமுராய், சுஷி, பள்ளிச் சீருடைப் பெண், ராட்சச ரோபோ, அத்தனையையும் ஒரே தட்டில் கொட்டிப் பரிமாறுகிற வேலை இது. நொபொரு இகுச்சியின் ‘ரோபோகெய்ஷா’வில் (2009) ஒரு பழங்காலக் கோட்டை எழுந்து நின்று ரோபோவாகி நகரத்தை அடிக்கும். அடி வாங்கிய கட்டடங்களிலிருந்து ரத்தம் பீறிடும். ஆமாம், கான்கிரீட்டிலிருந்து! அந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில், “உங்களுக்கு வேண்டிய ஜப்பான் இதுதானே, எடுத்துக்கொள்ளுங்கள்” என்ற குரலும் கேட்டது. இயக்குநர் அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம்; இது என் வாசிப்பு. ஆனால் இகுச்சியின் படங்களை வரிசையாகப் பார்த்தால் இந்த நக்கல் தற்செயல் என்று நம்புவது கஷ்டம்.

மெஷின் கேர்ள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், துண்டுக் காட்சி மட்டும் பார்த்தவருக்கு உதவும். ஆமி என்கிற பள்ளி மாணவி. பெற்றோர் இல்லை, ஒரே தம்பி. அவனையும் அவன் நண்பனையும் ஒரு ரவுடிக் கும்பல் கொன்றுவிடுகிறது. கும்பலின் தலைவன் நிஞ்ஜா வம்சத்தைச் சேர்ந்த யாகூசா, அதாவது ஜப்பானிய மாஃபியா, குடும்பத்துப் பிள்ளை. நியாயம் கேட்கப் போன வீட்டில் ஆமியின் கையைப் பிடித்து மாவில் தோய்த்து எண்ணெய்ச் சட்டியில் பொரித்து எடுக்கிறார்கள், டெம்புரா மாதிரி. பிறகு யாகூசா வீட்டில் அந்தக் கையே போய்விடுகிறது. செத்த நண்பனின் அப்பா அம்மா மெக்கானிக்குகள். அவர்கள் தங்கள் பட்டறையில் ஆமிக்கு ஒரு மெஷின் கன்னைக் கையாகச் செய்து மாட்டுகிறார்கள். கதை என்று பார்த்தால் நமக்கெல்லாம் மிகவும் பழகிய பழிவாங்கல் கதை, தங்கைக்குப் பதில் தம்பி. ஆனால் இகுச்சி ஒரு வேலை செய்கிறார். ஆமி கொன்ற ரவுடிப் பையன்களின் பெற்றோர்களும் பிள்ளைகளை இழந்தவர்கள்தானே? அவர்கள் ஒன்று சேர்ந்து, விளையாட்டு வீரர்கள் மாதிரி கவசம் மாட்டிக்கொண்டு, செத்த பிள்ளைகளின் பேரால் பழிவாங்க வருகிறார்கள். துக்க வீட்டுக் கூட்டமே சூப்பர் ஹீரோ அணியாக வந்து நிற்கிறது. பழிவாங்கல் படங்களில் கதாநாயகன் சுட்டுத் தள்ளுகிற அடியாட்களுக்கும் வீட்டில் அப்பா அம்மா இருப்பார்கள் என்பதை இதைவிட மோசமான ரசனையோடும், இதைவிடச் சரியாகவும் சொன்ன படம் எனக்கு நினைவில்லை.

இகுச்சி ஏ.வி. எனப்படும் வயதுவந்தோர் வீடியோ துறையில் படம் எடுத்துப் பழகியவர். ஆனால் இந்த அலைக்கு உண்மையான அச்சாணி என்று நான் நினைப்பது யோஷிஹிரோ நிஷிமுராவை. காரணம் அவர் என் சாதிக்காரர், அதாவது மேக்கப்காரர். இயக்குநர் சியோன் சோனோவின் ‘சூயிசைட் கிளப்’பிலிருந்து மெஷின் கேர்ள் வரைக்கும் ஒட்டுறுப்புகளும் காயங்களும் ரத்தமும் அவர் பட்டறையிலிருந்து போனவை. டோக்கியோ கோர் போலீஸை இயக்கியதும் அவரே. அந்தப் படத்தின் விதை 1995-இல் அவர் சொந்தமாக எடுத்த ‘அனடோமியா எக்ஸ்டிங்ஷன்’ என்ற சிறு படம். அது ஹொக்கைதோ தீவின் யூபாரி என்ற ஊரில் நடக்கும் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. யூபாரி ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க நகரம். சுரங்கங்கள் மூடிய பிறகு ஊரைப் பிழைக்க வைக்கும் முயற்சிகளில் ஒன்றாக 1990-இல் அந்த விழாவைத் தொடங்கினார்கள். பனி கொட்டும் குளிர்காலத்தில், மினுக்கல் இல்லாத ஒரு ஊரில், பேய்ப்படமும் அசட்டுப்படமும் போட்டு ஒரு விழா! 2006-07 வாக்கில் நகராட்சியே திவாலானது. 2007-இல் விழா ரத்து. அடுத்த வருடம் ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து திரும்ப நடத்தினார்கள். டரான்டினோவின் ‘கில் பில்’லில் கோகோ யூபாரி என்று ஒரு பள்ளிச் சீருடைக் கொலைகாரி வருவாளே, அவள் பெயரில் இருப்பது இந்த ஊர்தான்.

ஒரு மேக்கப்காரர் இயக்குநர் ஆனால் என்ன ஆகும்? வழக்கமாக எங்களிடம் ஸ்கிரிப்ட் வரும், அதில் ‘இங்கே கை வெட்டுப்படுகிறது’ என்று இருக்கும், நாங்கள் கையைச் செய்வோம். நிஷிமுரா படத்தில் வரிசை தலைகீழ். முதலில் ஒரு உடம்பு தோன்றுகிறது, அப்புறம் அந்த உடம்புக்கு ஒரு காட்சி, கடைசியில் காட்சிகளைக் கோர்க்க ஒரு கதை. கோர் போலீஸைப் பாருங்கள். எதிர்கால டோக்கியோவில் போலீஸைத் தனியாருக்கு விட்டிருக்கிறார்கள். ‘இன்ஜினியர்’ என்ற குற்றவாளிகள் திரிகிறார்கள். அவர்கள் உடம்புக்குள் சாவி வடிவத்தில் ஒரு கட்டி இருக்கும். கையை வெட்டினால் வெட்டிய இடத்தில் ரம்பம் முளைக்கும், துப்பாக்கி முளைக்கும். ரூகா என்ற பெண் போலீஸ் அவர்களை வேட்டையாடுகிறாள். அவள் அப்பாவைக் கொன்றது யார் என்பது ஒரு இழை. அந்த மர்மத்தைப் பத்தாவது நிமிடத்திலேயே ஊகித்துவிடலாம், அதைப் பற்றிப் படமும் கவலைப்படவில்லை. படத்தின் கவலையெல்லாம் அடுத்த உடம்பு எப்படி இருக்கும் என்பதில்தான். இடுப்புக்குக் கீழே முதலை வாயாகத் திறக்கும் பெண், கை கால்களுக்குப் பதில் கத்திகள் பொருத்தப்பட்டு நாலு காலில் நாய் மாதிரி நடக்கும் பெண் என்று ஒவ்வொன்றும் ஒரு சிற்பியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

அந்தப் படத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி சண்டைகள் அல்ல, நடுநடுவே வரும் போலி விளம்பரங்கள். பள்ளி மாணவிகள் மணிக்கட்டை அறுத்துக்கொள்ள அழகான வண்ணங்களில் கத்தி விற்கும் விளம்பரம், போலீஸில் சேரச் சொல்லும் துள்ளல் விளம்பரம் போன்றவை. இவற்றை இகுச்சியும் இன்னொரு இயக்குநரான யூதாய் யமகுச்சியும் எடுத்துக் கொடுத்தார்கள். உத்தி புதிதல்ல, பால் வெர்ஹோவன் 1987-இல் ‘ரோபோகாப்’பில் செய்தது, தனியார் போலீஸ் என்ற கருவும் அங்கிருந்து வந்ததே. ஆனால் இலக்கு உள்ளூர். தற்கொலையும் பள்ளிக் கொடுமையும் செய்தித்தாளில் அன்றாடம் அடிபடும் ஒரு நாட்டில், அவற்றைப் பளபளப்பான நுகர்பொருளாக்கி விற்கும் விளம்பரத்தைப் போடுவது குரூரமான நகைச்சுவை. எனக்கு அது சரியான இடத்தில் குத்துகிறது. உங்களுக்கு வயிற்றைப் புரட்டினால் அதுவும் நியாயமே.

சரி, மலிவு இயலாமையா உத்தியா என்ற கேள்விக்கு வருகிறேன். சினிமா ரத்தத்தில் இரண்டு வகை உண்டு. காயத்தின் மேல் நிற்க வேண்டியது கெட்டி ரத்தம். குளுக்கோஸ் சிரப் மாதிரி ஒரு பாகில் சிவப்பு நிறமும் பழுப்பைக் காட்ட வேறு ஒரு துளியும் சேர்த்துச் செய்வது. அது பார்க்க நிஜமாக இருக்கும், மெதுவாக வழியும், ஆனால் பீய்ச்ச முடியாது, குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். பீய்ச்ச வேண்டுமென்றால் தண்ணீர் ரத்தம். நிறம் கலந்த நீரில் கொஞ்சம் கெட்டிப்பானைச் சேர்த்து, அழுத்தம் ஏற்றிய தொட்டியிலிருந்து குழாய் வழியாக விடுவது. வயலில் மருந்தடிக்கும் கைப்பம்பே அதற்குப் போதும். செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இனி ஒட்டுறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெட்டுப்பட்ட கழுத்தை நம்பும்படி செய்ய, நடிகரின் உடம்பை ஆல்ஜினேட் என்ற அச்சுக்கூழில் அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அதன் மேல் களிமண்ணில் செதுக்கி, மறுபடி அச்செடுத்து, சிலிக்கானிலோ ஃபோம் லேடெக்ஸ் என்ற பஞ்சு ரப்பரிலோ ஊற்றி, விளிம்பு தெரியாமல் ஒட்டி வண்ணம் தீட்ட வேண்டும். இதில் காசும் நேரமும் தின்பது அந்த விளிம்புதான். தோலும் ரப்பரும் சேரும் இடம் தெரிந்துவிட்டால் எல்லாம் பாழ்.

அந்த விளிம்பின் மேல் ரத்தத்தைப் பீய்ச்சி அடித்துவிட்டால்? விளிம்பு போயே போச்சு. லென்ஸ் மேலும் நாலு துளி தெறித்தால் பார்ப்பவரின் கண் அங்கே போய்விடும். ஒரு வாரம் செய்ய வேண்டிய கழுத்தை ஒன்றரை நாளில் செய்து, மீதியைப் பம்பிடம் ஒப்படைக்கலாம். ஆகவே அந்த ரத்த நீரூற்று ஆடம்பரமாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் அது சிக்கன நடவடிக்கை. இன்னொன்று, ரத்தம் பட்ட காட்சியை இரண்டாவது டேக் எடுப்பது நரகம். உடை மாற்ற வேண்டும், முடி கழுவ வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், முந்தின ஷாட்டோடு ஒத்துப்போகிறதா என்று கன்டின்யூட்டி பார்க்க வேண்டும். பள்ளிச் சீருடையும் போலீஸ் சீருடையும் ஒரே மாதிரி பல செட் வைத்துக்கொள்ளத் தோதானவை. கதாநாயகி ஏன் எப்போதும் சீருடையிலேயே இருக்கிறாள் என்பதற்கு விற்பனைக் காரணம் முதலில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் காஸ்ட்யூமரின் காரணமும் பின்னாலேயே நிற்கும் என்று தொழில்காரனாக ஊகிக்கிறேன்.

இதெல்லாம் சிக்கனம். உத்தி எங்கே தொடங்குகிறது என்றால், படம் “இதை நம்பாதே” என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடும் இடத்தில். திகில் படம் நம்ப வைக்க வேண்டும். ஒரு ரப்பர் காது ஆடினால் அதோடு திகில் செத்தது. நகைச்சுவைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ரப்பர் காது ஆடினால் இன்னொரு சிரிப்பு. கையில் காசில்லாதவன் திகிலை விட்டுவிட்டு நகைச்சுவைக்குப் போவது தப்பித்தல் போலத் தோன்றலாம். ஆனால் அங்கே போன பிறகு நிஷிமுரா கூட்டத்தார் செய்யும் வேலையில் அசட்டை கிடையாது. உருவங்களின் கற்பனையும் அளவும் ஒரு மிருகத்தின் தசை மாதிரி அடுக்கி வைத்திருக்கும் பாங்கும் முதல்தரம். மட்டமாக இருப்பது சி.ஜி. ரத்தம்தான். மெஷின் கேர்ளிலும் பல இடங்களில் கம்ப்யூட்டர் ரத்தம் கலந்திருக்கிறது. காற்றில் தெறிக்கும், ஆனால் எதன் மேலும் படியாது. அது உத்தி அல்ல, அவசரம். ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர் பதில்: பம்பு ரத்தம் தெரிந்தே செய்தது, கம்ப்யூட்டர் ரத்தம் முடியாமல் செய்தது.

பீய்ச்சும் ரத்தத்துக்கு ஜப்பானில் பரம்பரை உண்டா என்று கேட்பார்கள். உண்டு. குரோசவாவின் ‘சஞ்சூரோ’ (1962) கடைசிச் சண்டையில் ஒரே வீச்சு, எதிராளியின் மார்பிலிருந்து வெடித்துக் கிளம்பும் ரத்தம். கறுப்பு வெள்ளைப் படம், அதுவரை படத்தில் அப்படி ஒன்றுமே இல்லை, பார்த்தவர்கள் உறைந்தார்கள். 1972 முதல் 1974 வரை வந்த ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ என்ற சாமுராய் வரிசையின் ஆறு படங்கள் அந்த ஒற்றைப் பீய்ச்சலைத் தினசரிப் பழக்கமாக்கின. அதில் முதல் இரண்டு படங்களை வெட்டி ஒட்டி 1980-இல் அமெரிக்காவில் ‘ஷோகன் அசாசின்’ என்று விட்டார்கள், அது அங்கே தனி ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. வெளிநாட்டு ஆசைக்கும் ஜப்பானிய ரத்தத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் மெஷின் கேர்ளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இது சாட்சி. இன்னும் பின்னால் போய் 1866-67-இல் யோஷிதோஷியும் யோஷிஇகுவும் வரைந்த இருபத்தெட்டு கொலைக்காட்சி மர அச்சுப் படங்களிலிருந்து கோடு இழுப்பவர்களும் உண்டு. அங்கே எனக்குத் தயக்கம். நேர்ப் பரம்பரை என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் நான் பார்க்கவில்லை. எந்த நாட்டிலும் பழைய கொலைச் சித்திரம் கிடைக்கும். அதை வைத்து ஒரு இனத்தின் மனசைப் படிக்கக் கிளம்பினால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம்.

பரம்பரை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. ஷின்யா ட்சுகமோட்டோவின் ‘டெட்சுவோ: தி அயர்ன் மேன்’, 1989. பதினாறு எம்.எம்., கறுப்பு வெள்ளை, 67 நிமிடம். அலுவலக வேலைக்குப் போகும் ஒரு சாதாரண ஆள், ஒரு நாள் கன்னத்தில் முள் மாதிரி ஒரு இரும்புத் துணுக்கைப் பார்க்கிறான். அங்கிருந்து உடம்பு முழுக்க இரும்பாகிறது. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், வில்லன் வேடம் எல்லாவற்றிலும் ட்சுகமோட்டோவின் கை இருக்கிறது. படப்பிடிப்பு பெரும்பாலும் நாயகியாக நடித்த கெய் ஃபுஜிவாராவின் குடியிருப்பிலேயே நடந்தது. நடிகரை ஒரு அங்குலம் நகர்த்தி ஒரு ஃபிரேம், மறுபடி ஒரு அங்குலம் ஒரு ஃபிரேம் என்று ஸ்டாப் மோஷனில் மனிதர்களையே பொம்மைகளாக ஓட்டியிருப்பார்கள். கூட வேலை செய்தவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள் என்பது பிரபலமான கதை. படத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். ரோமில் நடந்த ஃபான்டாஃபெஸ்டிவல் விழாவில் அதற்குப் பரிசு கிடைத்த பிறகுதான் உள்ளூரிலும் வெளியூரிலும் பேச்சு கிளம்பியது. அதற்கு முந்தின வருடம் அவருக்குப் பியா திரைப்பட விழாவின் பெரும்பரிசு கிடைத்திருந்தது. பியா என்பது 1977-இல் தொடங்கிய, சொந்தக் காசில் எட்டு எம்.எம்.-இல் படமெடுக்கும் இளைஞர்களுக்கான மேடை. ஜப்பானில் இந்த வகைப் படங்களுக்கு ஸ்டூடியோ ஒரு வேர் என்றால், வீட்டறையில் கேமராவோடு உட்கார்ந்த பையன்கள் இன்னொரு வேர்.

டெட்சுவோ நகைச்சுவைப் படம் இல்லை, ஆனால் அதில் சிரிப்பு வராமல் இல்லை. உடம்பு இயந்திரமாவதையும் சிரிப்பையும் சரியாகச் சேர்த்தது என்று நான் நினைக்கும் படம் ‘மீட்பால் மெஷின்’, 2005. யூதாய் யமகுச்சியும் ஜுனிச்சி யமமோட்டோவும் இயக்கியது, மேக்கப் நிஷிமுரா, உருவங்களின் வடிவமைப்பு கெய்தா அமேமியா. வேற்றுக்கிரக ஒட்டுண்ணிகள் மனிதர்களுக்குள் புகுந்து, உடம்பையே ஆயுதமாக்கி, உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. ஜெயித்தது தோற்றதைத் தின்னும். அவற்றுக்கு அது ஒரு விளையாட்டு. இதற்கு நடுவில் ஒரு கூச்ச சுபாவமுள்ள தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் அவன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் காதல். முதல் முறையாக அவள் அவனோடு நன்றாகப் பேசும் இரவில் ஒட்டுண்ணி அவளைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தொழிலாளியாக நடித்த இஸ்ஸெய் தகாஹாஷி இன்று ஜப்பானின் முன்னணி நடிகர்களில் ஒருவர்.

என் கண்ணில் படும் ஒரு இழையை இங்கே சொல்ல வேண்டும், ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க அறிவியல் புனைகதைப் படத்தில் இயந்திர மனிதனைச் செய்வது பெரிய கம்பெனியோ ராணுவமோதான். இந்தப் படங்களில் இயந்திரம் வருவது ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் பட்டறையிலிருந்து, வீட்டு மூலையில் கிடக்கும் இரும்புக் குப்பையிலிருந்து, அல்லது நேராகக் காயத்திலிருந்து. டோக்கியோவின் ஓட்டா வட்டாரம் மாதிரியான இடங்களில் சந்துக்குச் சந்து சிறு லேத் பட்டறைகள். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தே நாட்டின் தொழில் வளர்ச்சியைத் தாங்கியவை, தொண்ணூறுகளின் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டவை. கையில் மெஷின் கன் மாட்டிவிடும் அந்த மெக்கானிக் தம்பதியைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பட்டறைகள்தான் நினைவுக்கு வரும்.

இந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானிலேயே உதாரணம் உண்டு. எண்பதுகளின் நடுவில் வீடியோவுக்கென்றே வந்த ‘கினி பிக்’ வரிசை. அதில் மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர் ஹிதேஷி ஹீனோ எடுத்த ஒரு படத்தை 1991-இல் பார்த்த அமெரிக்க நடிகர் சார்லி ஷீன், நிஜக் கொலையைத்தான் படமெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் புகார் செய்தார். எப்படிச் செய்தோம் என்று காட்டும் வீடியோ ஏற்கெனவே இருந்ததால் விஷயம் அடங்கியது. மேக்கப்காரனுக்கு இதைவிடப் பெரிய விருது ஏது என்று தோன்றும், ஆனால் அந்தப் படத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 2009-இல் வந்த ‘க்ரோடெஸ்க்’ படத்துக்கு பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் சான்றிதழே தர மறுத்தது. படத்தில் கதையென்று அதிகமில்லை, சித்திரவதைதான் இருக்கிறது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். ரத்தத்தின் அளவைக் கணக்குப் பார்த்தால் கோர் போலீஸ் பல மடங்கு அதிகம். வலி தெரிகிறதா என்பதே கேள்வி. நிஷிமுரா படத்தில் கை போனவன் திட்டிக்கொண்டே அடுத்த கையால் அடிக்க வருவான், வலி என்ற ஒன்றே அந்த உலகத்தில் இல்லை.

புகழ்ந்துகொண்டே போவதாக நினைக்க வேண்டாம். பெண்களை இந்தப் படங்கள் நடத்தும் விதம் பல இடங்களில் எரிச்சல் தரும். கதையைத் தாங்குவது பெண்கள்தான், கோர் போலீஸில் ரூகாவாக நடித்த எய்ஹி ஷீனா கல் மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கூத்து முழுவதையும் தாங்குகிறார். ஆனால் கேமரா பாவாடைக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும். இகுச்சி படங்களில் மலக்குழி நகைச்சுவை வேறு. கழிவறைப் பேய்களை வைத்தே ஒரு முழுப் படம் எடுத்தார். “எல்லாமே பகடிதானே” என்று ரசிகர்கள் சொல்லும் சமாதானம் என்னிடம் முழுசாகச் செல்லுபடியாகவில்லை. பகடி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதையே விற்பது நடந்திருக்கிறது, அந்த டிவிடி அட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

அலை சீக்கிரமே ஓய்ந்தது. நிஷிமுராவின் ஹெல்டிரைவர் 2010-இல் எடுத்த படம். விண்கல் ஒன்று விழுந்து ஜப்பானின் வடபாதி நோய்ப் பகுதியாகிறது, நடுவில் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறார்கள், நடைபிணங்களுக்கு உரிமை உண்டா என்று அரசியல்வாதிகள் வாதம் செய்கிறார்கள். 2011 மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் வந்தபோது, அதே வருடம் திரையரங்குக்கு வந்த இந்தப் படத்தைப் பார்த்த ஜப்பானியர்களுக்கு அந்தச் சுவர் வேறு மாதிரிப் பட்டிருக்கும். சுஷி டைஃபூனும் அதை ஒட்டியே அடங்கிவிட்டது. டிவிடி விற்பனை உலகம் முழுக்கச் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. டிவிடியை நம்பி எழுந்த வகை அதோடு சேர்ந்து இறங்கியது இயல்புதான். ஆட்கள் காணாமல் போகவில்லை. 2016-இல் வந்த ‘ஷின் காட்ஸில்லா’வின் சிறப்பு உருவ வேலைகளில் நிஷிமுராவின் பெயர் இருக்கிறது. சில்லறைக் காசு சினிமாவும் சாகவில்லை. 2017-இல் ஷினிச்சிரோ உவேதா ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ என்ற நடைபிண நகைச்சுவைப் படத்தைச் சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்தார். அடுத்த வருடம் இரண்டே அரங்குகளில் தொடங்கி 300 கோடி யென்னுக்கு மேல் அள்ளியது. அதில் ரத்தம் குறைவு, வெளிநாட்டு டிவிடிக்காரரின் பட்டியலும் இல்லை. உள்ளூர் ஜனம் வரிசையில் நின்றது அதற்குத்தான்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வயிறு லேசானவர் என்றால் இகுச்சியின் ‘கராத்தே ரோபோ ஸபோர்கர்’ (2011). 1974-இல் வந்த தொலைக்காட்சித் தொடரின் மறுவடிவம், ரத்தம் மிகக் குறைவு, மோட்டார் சைக்கிளாக மாறும் ரோபோவுக்கும் நடுத்தர வயதில் நொடிந்துபோன நாயகனுக்கும் உள்ள பாசம்தான் கதை. அடுத்து ‘டெட் சுஷி’ (2012), பறந்து வந்து கடிக்கும் சுஷிகளோடு நிஜமாகவே கராத்தே தெரிந்த ரினா தகேதா மோதுகிறார். இதைத் தாண்டியும் ஆர்வம் இருந்தால் மீட்பால் மெஷின், பிறகு டெட்சுவோ. டெட்சுவோவை நல்ல ஸ்பீக்கரில் பாருங்கள், சூ இஷிகாவாவின் இரும்படி இசைதான் பாதிப் படம். கோர் போலீஸை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்; மெஷின் கேர்ளைத் துண்டாகப் பார்க்காமல் முழுசாகப் பாருங்கள், துக்கப் பெற்றோர் அணி வரும்வரையாவது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய காட்சிகள் உங்களையோ கூட இருப்பவரையோ பாதிக்கும் என்றால் கோர் போலீஸை அவர்கள் முன்னால் ஓடவிட வேண்டாம், அந்த விளம்பரம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் டெம்புரா காட்சி வேண்டாம்.